உப்பில்லாத ஒன்பது நாள்

ஆடி மாதம் எங்கள் ஊரில் காற்று தெற்கேயிருந்து வரும். பள்ளிக்கூடத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் திடலுக்கு ராட்டினக்காரர்கள் வந்ததும், ஒரு கம்பில் பழைய சேலைத் துண்டைக் கட்டி நட்டுவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சேலை பறக்கும் திசை தெரிந்த பிறகுதான் குழி தோண்டுவார்கள். மற்ற கடைகளும் அப்படித்தான் இடம் பிடிக்கும். பஞ்சு மிட்டாய்க்காரர் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒதுங்குவார். பேரீச்சம்பழக் கடைக்கு மணல் ஆகாது என்பதால் அது ரோட்டுப் பக்கம் போய்விடும். வளையல் கடைகள் மட்டும் கடலை ஒட்டி நிற்கும். காற்று அடிக்கும்போது தொங்கும் வளையல் சரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெல்லச் சத்தம் போடும். பகல் இரண்டு மணிக்குத் திடலில் ஆள் இருக்காது. அப்போது அந்தச் சத்தமும் அலையும் மட்டும் கேட்கும். ராட்டினத்தின் காலிப் பெட்டிகள் யாரும் சுற்றாமலே கொஞ்சம் ஆடும்.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் பேருந்தில் பாதி வழிக்கு மேல் வந்து, கடல் பக்கம் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். நான் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், பிறர் எழுதி அனுப்பும் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கடைசி இரண்டு நாள் மட்டும் வந்து போவது என் வழக்கம். சென்ற ஆண்டு இரண்டு நாள் விடுப்பில் திருவிழா தொடங்குமுன்பே வந்தவள், முடியும் வரை தங்கிவிட்டேன். அதற்குக் காரணம் என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி.

மதினிக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். மிளகாய் வெள்ளாமை செய்கிற குடும்பம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும், தெருவில் அவருக்குக் கமுதிக்காரி என்றுதான் பெயர். அவருடைய நாக்கைப் பற்றி அண்ணன் ஒரு புகார் வைத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும் என்பார். நான் ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் அதைக் கண்ணால் பார்த்தேன். திடலில் முதலில் அடுப்பு மூட்டிய கடை டெல்லி அப்பளக் கடை. முறம் அளவுக்குப் பொரித்து மேலே மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள். மதினி ஓரத்தில் ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டார். தூள் நம் முண்டு வற்றல் இல்லை, வெளியூர்ச் சரக்கு, அதுவும் போன வருடத்தது, ஈரம் பட்டுக் காய வைத்தது என்று கடைக்காரரிடம் வரிசையாகச் சொன்னார். கடைக்காரர் கோபப்படவில்லை. நீங்கள் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். பிறகு அந்த அப்பளத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் கோயிலில் பூக்கட்டிப் போட்டார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு உயிர் முளைப்பாரி. வீட்டுக்கு ஒரு மண்சட்டியில் வைக்கோலும் எருத்தூளும் போட்டு, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, எல்லாச் சட்டிகளையும் கோயிலுக்குப் பின்னால் உள்ள இருட்டு அறையில் அடுக்குவார்கள். வெளிச்சமே படாமல் ஒன்பது நாள் வளரும் முளை முழ உயரத்துக்கு வெளிறிய மஞ்சளில் நிற்கும். ஒன்பதாம் நாள் பெண்கள் அதைத் தலையில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைப்பார்கள். அந்த ஒன்பது நாளும் அறைக்குள் போய்த் தண்ணீர் ஊற்றும் உரிமை ஒரே ஒரு பெண்ணுக்குத்தான். மூன்று ஆண்டுகளாக அதைச் செய்துவந்த இட்லிக்கடை அக்கா, மகள் பிரசவத்துக்காக ஷார்ஜா போய்விட்டார். ஆகவே விருப்பப்பட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நிறம் வைத்து, பூவைப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டார்கள். பூசாரி கண்ணை மூடி எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. செவ்வரளி மதினியுடையது.

கூட்டம் சந்தோஷப்பட்டது என்று எழுதினால் அது தவறான செய்தி. குலவை கொஞ்சம் தாமதமாக வந்தது. ஊர்த் தலைவர் வீட்டு அம்மாள் தன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"மழையே பாக்காத ஊர்க்காரி. தண்ணி ஊத்துற வேலை அவளுக்குப் போயிருக்கு. ஆத்தா விளையாட்டப் பாரு."

இதில் மதினிக்கு என்ன நேரக்கூடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அதற்கு 'முளை அழுகினவ வீடு' என்று பெயர். யாருடைய முளை, எந்த ஆண்டு அழுகியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண் எப்போதோ இறந்துவிட்டார். வீடு இரண்டு கை மாறிவிட்டது. இப்போது அங்கே குடியிருப்பது மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம். அவர்களுக்குத் தபால் வந்தாலும், கேஸ் சிலிண்டர் வந்தாலும், முளை அழுகினவ வீடு எது என்று கேட்டுத்தான் வருகிறது. நாற்பத்து மூன்று சட்டி முளையில் பாதி கெட்டாலும் எங்கள் வீட்டுக்கு அந்தப் பெயர் வந்துவிடும். அண்ணன் பிள்ளைகள் அந்தப் பெயரோடுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மதினி அன்று இரவு சோறு வைக்கும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான். தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு அறை வாசல் வரை வர ஒரு ஆள் வேண்டும், வருவாயா என்றார். நான் அலுவலகத்துக்குப் போன் செய்து விடுப்பைப் பத்து நாளாக்கினேன்.

தண்ணீர் ஊற்றுபவருக்கு விரதம் உண்டு. ஒரு பொழுது சாப்பாடு, அதிலும் உப்பு கிடையாது. ஒன்பது நாள் முடிந்து, முளையைக் கரைத்த பிறகு கடல் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துத்தான் உப்பைத் தொடலாம். தண்ணீரும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்க முடியாது. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் கரிக்கும். நல்ல தண்ணீர் என்று பெயர் வாங்கிய கிணறு ஒன்றுதான். அது பள்ளிவாசல் தெருவில் ராத்தா வீட்டுத் தென்னந்தோப்பில் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாகக் கடல் கடந்து சம்பாதிப்பவர்கள். முதல் நாள் முதல் குடத்தை அந்த வீட்டுப் பெண் இறைத்து ஊற்றித் தர வேண்டும். எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாத வழக்கம் அது. ராத்தா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லி, வாளியைச் சாய்த்து மதினியின் குடத்தை நிரப்பினார். எங்கள் பெண்கள் தோப்புக்குள் நின்று குலவையிட்டார்கள். தென்னை மட்டைகளுக்கு மேலே ராட்டினத்தின் தலை மட்டும் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் எனக்கு ஒரு கனவு போலவே நினைவிருக்கிறது. விடியுமுன் மதினி ஈரச் சேலையோடு முன்னால் போவார். நான் குடத்தோடு பின்னால். அறையின் சன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். கதவுக்கு உள்ளே இன்னொரு கறுப்புத் துணி. நான் வாசலில் குடத்தை வைத்துவிட்டு நிற்க, அவர் துணிக்கு அப்பால் மறைந்துவிடுவார். உள்ளே தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் வரும். சட்டிக்கு மூன்று கை. நான் என்னை அறியாமல் எண்ணுவேன். நூற்று இருபத்தொன்பது வந்ததும் மதினி வெளியே வருவார். எருவும் ஊறின பயறும் கலந்த வாசனை சேலையில் இருக்கும். சாயங்காலம் அறைக்கு முன்னால் கும்மி. வட்டத்துக்கு அந்தப் பக்கம் ராட்டினம் சுற்றும். கும்மிப் பாட்டும் ராட்டினக்காரர் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று தெரியாத இரண்டு பேர் போல ஒரே காற்றில் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் காலை மதினி அறையிலிருந்து வெளியே வந்து, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தார். இன்னொரு முறை குடித்தார்.

"ஏத்தா, இது கரிக்குது."

நான் குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல தண்ணீர்தான் என்றேன்.

"ஒங்களுக்கெல்லாம் தெரியாது. நான் மூணு நாளா உப்பில்லாத வாயி."

அவர் கையைப் பிடித்து என்னைத் துணிக்கு உள்ளே இழுத்தார். அது முறையில்லை. ஆனால் அவர் பிடியை விடாததால் நான் போனேன். உள்ளே கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். மதினி என் கையை எடுத்து ஒரு சட்டியின் மேல் வைத்தார். மூன்றாம் நாள் முளை விரல் உயரம் வந்திருக்க வேண்டுமாம். என் கையில் தட்டுப்பட்டது ஈரப் பயறும், சவரம் செய்து ஒரு நாள் ஆன தாடை போன்ற ஒரு சுரசுரப்பும்தான். அடுத்த சட்டி, அதற்கடுத்த சட்டி என்று என் கையை நகர்த்திக்கொண்டே போனார். எல்லாம் ஒன்று போலவே இருந்தன.

அன்று மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து இட்லிக்கடை அக்கா வீடியோவில் கூப்பிட்டார். முளையைக் கொஞ்சம் காட்டு, பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார். போன் வெளிச்சம் படக்கூடாது என்று தெரிந்தும் கேட்டார். மதினி தண்ணீர் கரிப்பதைச் சொன்னார். அக்கா முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"எனக்குத் தெரியும்த்தா. ராத்தா வீட்டுல மோட்டார் போட்டதுலேர்ந்து கரிக்குது. நான் கடைக்கு வார கேன் தண்ணியத்தான் மூணு வருசமா ஊத்துனேன். கெணத்துத் தண்ணியக் கொல்லையில முருங்கைக்கு ஊத்திருவேன். நீயும் அப்புடியே செய். யாருட்டயும் மூச்சு விட்றாத."

இட்லிக்கடை முருங்கை முந்தைய ஆண்டு பட்டுப்போனது. பூச்சி விழுந்து செத்தது என்று ஊரே பேசிக்கொண்டது.

போனை வைத்த பிறகு நான் மதினியிடம் அது நல்ல யோசனை என்றுதான் சொன்னேன். எனக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. முளை வளர வேண்டும். கேன் தண்ணீரில் வளரும். அம்மன் கேன் தண்ணீரை வேண்டாம் என்று சொன்னதாகத் தகவல் இல்லை. மதினி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"உப்ப விட்டுட்டுப் பொய்ய மட்டும் திங்கவா," என்றார்.

அன்று சாயங்காலம் என்னைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விரதக்காரர் கடையில் எதையும் தொட முடியாது. பார்த்துக்கொண்டே நடந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய அல்வா, மலையாகக் குவித்த பேரீச்சம்பழம், காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து எரியும் கேஸ் விளக்குகள். சர்பத் கடைக்காரர் நன்னாரியை ஊற்றி எலுமிச்சையைப் பிழிந்து, கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்த பெண்கள் சேர்ந்து ராட்டினத்தில் ஏறி, உச்சிக்குப் போனதும் கடலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மதினி எல்லாவற்றையும் மறுபடி பார்க்க முடியாத ஒருவர் போல நின்று நின்று பார்த்தார். வழியில் அந்த ஓட்டு வீட்டைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தார்.

நான்காம் நாள் கும்மி முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மதினி இரண்டு செம்புகளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். முளை சரியாக வரவில்லை, தண்ணீர் கரிக்கிறது, எல்லோரும் குடித்துப் பாருங்கள் என்றார். இட்லிக்கடை அக்காவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. செம்புகள் வட்டமாகச் சுற்றி வந்தன. ஒருத்தர்கூட வித்தியாசம் சொல்லவில்லை. இரண்டாவது செம்புதான் சப்பென்று இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். தலைவர் வீட்டு அம்மாள் இரண்டையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"நாங்க பொறந்ததுலேர்ந்து குடிக்கிற தண்ணி. மழை பாக்காத ஊர்லேர்ந்து வந்து எங்க தண்ணிக்கு நொட்டை சொல்றியாக்கும்?"

"மழை பாக்காததுனாலதான் அத்தை, தண்ணி ருசி தெரியுது."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் வீட்டு அம்மாள் சிரிக்கவில்லை. அவருக்குக் கவலை தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை என்பது பிறகு பேசியதில் தெரிந்தது. ஒரு வீட்டார் தலைமுறை தலைமுறையாக மனதாரக் கொடுக்கும் தண்ணீரைக் கெட்டது என்று சொன்னால், அடுத்த ஆண்டு எந்த முகத்தோடு குடத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தோப்புக்குப் போவது என்று கேட்டார். வேறு தண்ணீர் வேண்டுமென்றால் மதினியே போய் ராத்தாவிடம் சொல்ல வேண்டும், அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும், நோகடித்துவிட்டு வந்தால் சட்டிகளுக்குப் பக்கத்தில்கூடப் போகக்கூடாது என்று முடித்தார்.

அன்று இரவு மதினி தூங்கியதாகத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் குடம் எடுக்காமல் போனோம். அந்தக் காலையில் மட்டும் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ராத்தா வீட்டு முன்கட்டில் எங்களை உட்கார வைத்தார்கள். ராத்தாவின் மகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அரைக்கால் சட்டையோடு பல் துலக்கிக்கொண்டு எங்களைக் கண்டதும் பின்பக்கம் போய்விட்டார். மதினி பேச ஆரம்பித்தார். மிளகாய் வெள்ளாமையில் ஆரம்பித்தார். கமுதியில் இந்த ஆண்டு வெயில் எப்படி என்று சொன்னார். அங்கே ஒரு கிணறு வற்றியதைச் சொன்னார். எந்த வழியாகப் போனால் சொல்ல வேண்டிய இடத்துக்கு வரலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது. ராத்தாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் குடியுங்கள் என்று கொடுத்தார்.

மதினி ஒரு வாய் குடித்தார். செம்பைக் கீழே வைக்காமல் ராத்தாவைப் பார்த்தார்.

"ராத்தா, இது கெணத்துத் தண்ணி இல்லையே."

முன்கட்டில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ராத்தா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நாங்களே கேன் தண்ணிதான் வாங்குறோம் தங்கச்சி. மூணு வருசமாச்சு. தென்னைக்குன்னு மோட்டாரப் போட்டு ஆழத்துலேர்ந்து இழுத்தோம், உப்பு ஏறிருச்சு. ஒங்க சாமிக்குக் கொடுக்குற தண்ணி. அது கெட்டுப்போச்சுன்னு நான் எப்புடி வாய் தொறந்து சொல்லுவேன்? ஒவ்வொரு வருசமும் பிஸ்மி சொல்லி ஊத்தும்போது கை கூசும்."

மதினி செம்பை வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளாக எங்கள் மனம் நோகக்கூடாது என்று ராத்தா உப்புத் தண்ணீரைக் கொடுக்க, ராத்தா மனம் நோகக்கூடாது என்று இட்லிக்கடை அக்கா அதை வாங்கி முருங்கைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நாற்பத்து மூன்று சட்டிகளும் இருட்டில் ஈரம் காய்ந்துகொண்டிருப்பது மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

வழி சொன்னது ராத்தாதான். அந்த வீட்டுக்கு அவர் மருமகளாக வந்த புதிதில் கோடையில் கிணறு வற்றிப்போகுமாம். அப்போது தோப்பின் கடல் பக்க ஓரத்தில், மணல்மேட்டின் அடியில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்பார்களாம். அங்கே மேலாகத் தோண்டினால் மழைத் தண்ணீர் நிற்கும். ஒரு முழம் கூடுதலாகப் போனாலும் கடல் வந்துவிடும். மகனைக் கூப்பிட்டார். அவர் மண்வெட்டியோடு வந்து தோண்டினார். முதல் இடத்தில் வந்த தண்ணீரை மதினி நாக்கில் வைத்து, ஆழமாகிவிட்டது என்றார். பத்தடி தள்ளி இன்னொரு இடம். முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் மணல் நிறம் மாறியது. மதினி, போதும், இதற்கு மேல் கையை வைக்காதீர்கள் என்று நிறுத்தினார். குழியின் ஓரங்களிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கசிந்து, நடுவில் ஒரு தட்டளவுக்குத் தேங்கியது. அதில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்து ஆடியது. மதினி சிரட்டையால் அள்ளிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை குடித்தார்.

"கமுதித் தண்ணி மாதிரி இருக்கு," என்றார்.

ராத்தா தன் வீட்டிலிருந்து ஒரு குடத்தை எடுத்துவரச் செய்து, பிஸ்மி சொல்லிச் சிரட்டையால் அதை முதல் குடமாக நிரப்பினார். ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆனது.

அதன் பிறகு நான்கு நாளும் எங்கள் ஊரில் நேரமே வேறு மாதிரி ஓடியது. ஊற்று சுரக்கும் வேகத்துக்குத்தான் எதுவும் நடக்கும். தனியாகக் காத்திருக்க முடியாமல் பெண்கள் ஒவ்வொருவராகத் தோப்புக்கு வரத் தொடங்கினார்கள். கும்மிப் பாட்டு காலையிலேயே அங்கே ஆரம்பித்துவிடும். ராத்தா வீட்டிலிருந்து இஞ்சி போட்ட தேநீர் வரும். திடலிலிருந்து யாராவது சேவுப் பொட்டலம் வாங்கி வருவார்கள். மதினி எதையும் தொடாமல், குழி ஓரத்தில் மண்டியிட்டு, சிரட்டையைத் தண்ணீர் கலங்காதபடி சாய்த்துச் சாய்த்து அள்ளுவார். தலைவர் வீட்டு அம்மாளும் வந்தார். குழிக்குச் சற்று எட்டி ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் பார்த்துவிட்டுப் போவார். எட்டாம் நாள் விடியற்காலையில் மதினி மறுபடி என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தார். இந்த முறை கையில் நீளமாக, குளிர்ச்சியாக, குளித்த தலைமுடி போல ஒன்று பட்டது. வெளியே ராட்டினக்காரர் எண்ணெய் போடுவதற்காக யாருமில்லாத ராட்டினத்தை மெல்லச் சுற்றிவிட்ட சத்தம் கேட்டது. அந்த இருட்டில் நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் சட்டிகளை வெளியே எடுத்தார்கள். வழக்கமாக முழ உயரம் நிற்கும் முளை, ஒன்றரைச் சாண்தான் இருந்தது. சில சட்டிகளில் ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்தது. ஆனால் ஒரு சட்டியும் அழுகவில்லை. வெயில் சாய்ந்த நேரம் என்பதால் அந்த வெளிறிய மஞ்சள், விளக்கை உள்ளே வைத்தது போல மின்னியது. பெண்கள் சட்டி சட்டியாக அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி கதவோரத்தில் நின்றார். தலைவர் வீட்டு அம்மாள் தன் வீட்டுச் சட்டியைத் தேடி எடுத்தார். குட்டையானவற்றில் அதுவும் ஒன்று. கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"கழுத்து வலிக்காமத் தூக்கலாம்," என்று சொல்லித் தலையில் வைத்தார்.

குலவை ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் எழுந்தது. நாற்பத்து மூன்று சட்டிகளும் திடலின் நடுவே வரிசையாகப் போனபோது ராட்டினம் நின்றது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பள்ளிவாசல் தெரு முனையில் ராத்தா ஒரு பித்தளைச் செம்போடு நின்று, வரிசையில் கடைசியாக வந்த மதினியின் காலில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றுத் தண்ணீர்தான்.

கடலில் அலை சின்னதாக இருந்தது. முளைகளைக் கரைத்ததும் அவை கரையை விட்டுப் போகாமல் எங்கள் முழங்காலைச் சுற்றி மிதந்தன. வழக்கப்படி மதினி விரலைக் கடலில் நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது தலைவர் வீட்டு அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்தார். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருடைய மருமகள்தான் பின்னாலிருந்து அலுத்துக்கொண்டார்: அஞ்சு நாளாக மாமியாருக்கு உப்பில்லாத சோறு வடித்துக் கொடுத்ததாகவும், காரணம் கேட்டால் பதில் வரவில்லை என்றும், வீட்டில் மற்றவர்கள் குழம்புக்கும் அவர் உப்பைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார்.

தலைவர் வீட்டு அம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதினியிடம் மட்டும் சொன்னார்.

"காலையில அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்தேன். கரிக்கத்தான்த்தா செய்யுது."

மதினி அவருடைய கையைப் பிடித்து, அலையில் தடுமாறாதபடி கரைக்குக் கூட்டிவந்தார்.

மறுநாள் காலை நான் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். திடலில் ராட்டினத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பளக் கடையில் கடைசி எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மதினி முழு அப்பளம் ஒன்றை வாங்கி, இன்னும் கொஞ்சம் உப்புத் தூவச் சொல்லி, மிளகாய்த்தூளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தின்றார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் சர்பத் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் கடலாடிக்காரர். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தார். போகும் வழியில் அடுத்த ஊர்த் திருவிழாவிலும் கடை போட வேண்டும், நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று மதினி கேட்டார்.

"ரோட்டுல கேட்டேன்மா. ஊத்துக்காரி வீடுன்னாங்க."

மதினி அவரிடமிருந்து குடத்தை வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாடை போகவில்லை, முதலில் நன்றாகக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.